கண்ட குறை: முப்பத்தேழு ஜம்ப்

ஜூன் 3

அக்கா,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ எவ்வளவு நலமாக இருக்கிறாய் என்று நீ அனுப்பிய படத்திலேயே தெரிந்துவிட்டது.

மணி பன்னிரண்டேகால். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. அப்பா ஹாலில் தூங்குகிறார். நான் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, இருமல் நின்ற பிறகு நூறு வரை எண்ணி மறுபடியும் போடுகிறேன். நீ போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறார், அதனால்தான் இந்தத் திருட்டுக் கடிதம் எல்லாம். இது எனக்குப் பிடித்து நடக்கிறது என்று நினைக்காதே.

படம் நம் கடிதங்கள் வரும் ஜெராக்ஸ் கடைக்கு நேற்று வந்தது. கடைக்கார அம்மா உறையைக் கொடுக்கும்போதே, "பிரிச்சுக் காட்டேன், உன் அக்கா என்ன அனுப்பியிருக்கா பார்ப்போம்" என்றார். காட்டினேன். "இது கம்ப்யூட்டர்ல பண்ணதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். உன் கணக்கில் இன்னொரு பொய்.

படத்தில் விமானத்திலிருந்து உன்னோடு குதிக்கும் அந்த மருந்துக்கடைக்காரி காற்றில் குப்புறப் படுத்திருக்கிறாள். இரண்டு கையையும் உன் பக்கம் நீட்டி, கன்னமெல்லாம் அலை அடிக்க, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள். நல்ல படம்தான். முதலில் எனக்கும் பிடித்தது. அப்புறம் அவள் இடது மணிக்கட்டில் இருக்கும் டயலைப் பார்த்தேன். அது உயரம் காட்டும் டயல் என்று நீதான் ஒருமுறை படம் போட்டு விளக்கியிருந்தாய். பள்ளிக்கூட லேபிலிருந்து பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி வந்தேன். முள் சிவப்புக்குள் நிற்கிறது. இரண்டாயிரத்து இருநூறு அடி.

நாலாயிரத்து ஐந்நூறில் ஒருவரை ஒருவர் விட்டு விலகிப் போக வேண்டும், மூவாயிரத்து ஐந்நூறில் பாராசூட் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியதும் நீதான். அவள் இரண்டாயிரத்து இருநூறில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் நீ படம் எடுத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு நொடிக்கு நூற்றெழுபத்தாறு அடி விழுவீர்கள் என்று சொன்னாய் அல்லவா, வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை நொடி. இன்று பள்ளியில் மாடிப்படி ஏறும்போது பன்னிரண்டு எண்ணினேன். ஒரு மாடிகூட முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கணக்கு டீச்சர், "தலை சுத்துதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. கேமரா எடுத்துப்போக இருநூறு ஜம்ப் முடிந்திருக்க வேண்டும் என்பாயே. உன் ஜம்ப்புகளை நான் குறித்துவரும் கட்டத்தாள் 163இல் நிற்கிறது. உன் கையில் கேமரா எப்படி வந்தது?

பதில் எழுது. நீ போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்யும் கதையை எழுதாதே, அது அப்பாவுக்கு.

நண்டு


ஜூன் 9

அடி நண்டு,

ஒரு நல்ல படம் அனுப்பினால் ஒரு போலீஸ் ஸ்டேஷனே பதிலுக்கு வந்து நிற்கிறது. பூதக்கண்ணாடி வேறு. அப்பாவின் மகள்தான் நீ, சந்தேகமே இல்லை.

முதலில் டயல். கையை அப்படி நீட்டிப் பிடித்தால் காற்று அடிக்கும் அடியில் அது கொஞ்சம் தப்பாகக் காட்டும். இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாங்கள் சரியான உயரத்தில்தான் திறந்தோம். நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேனே, அதுவே சாட்சி.

அடுத்து எண்ணிக்கை. இருநூறு தாண்டிவிட்டது. நடுவில் சிலதை உனக்கு எழுத மறந்துவிட்டேன். பகல் முழுக்க மற்றவர்களின் பாராசூட்டை மடித்துப் பைக்குள் திணித்து முழங்கால் தேய்ந்துபோன ஒருத்தி, ராத்திரி உட்கார்ந்து தங்கைக்கு நம்பர் எழுத மறந்தால் அது ஒரு குற்றமா?

இப்போது நல்ல செய்தி. கேமரா என்றால் கையில் பிடிப்பது என்று நினைத்தாய் அல்லவா? இல்லை. கை இரண்டும் பறக்க வேண்டும். ஹெல்மெட் உச்சியில் கேமராவைத் திருகி வைத்திருக்கிறது. வாய்க்குள் ஒரு சின்னப் பொத்தான், பல்லால் கடித்தால் படம் விழும். வலது கண்ணுக்கு முன்னால் ஒரு வளையம். எதை எடுக்கிறேனோ அது அந்த வளையத்துக்குள் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பினால் படம் போச்சு. அதனால் உடம்பையே திருப்ப வேண்டும். இடது தோளைக் கொஞ்சம் இறக்கினால் இடது பக்கம் வழுக்குவேன், முழங்காலை மடக்கினால் பின்னால் போவேன். உலகத்தில் வேறு எங்கேயும் நான் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

அதைவிடப் பெரிய செய்தி: ஜூலை 20 அன்று விங்சூட் சொல்லிக்கொடுப்பவர் வருகிறார். வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். இரண்டே இடம், அதில் ஒன்று எனக்கு. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் துணி, இரண்டு காலுக்கும் நடுவில் துணி. மற்றவர்கள் ஒரே நிமிடத்தில் விழும் தூரத்தை அதில் இரண்டரை நிமிடம் பறக்கலாம். விழுவது இல்லை நண்டு, பறப்பது. பக்கத்தில் இன்னொருவர் பறக்க, அவரை நான் படம் எடுக்க. இதற்காகத்தான் வீட்டை விட்டே வந்தேன்.

வீட்டுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ வேலை அதிகம் என்று எழுதியிருக்கிறேன். அப்பாவுக்குக் கொஞ்சம் உணர்ச்சியோடு படித்துக் காட்டு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 14

அக்கா,

உணர்ச்சியோடு படித்துக் காட்டினேன். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "லைட் எல்லாம் எப்படி வைக்கணும்னு கத்துக்கிட்டாளாமா?" என்று கேட்டார். நீ போன பிறகு உன் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நான், "எல்லாம் கத்துக்கிட்டாளாம்பா" என்றேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். தப்பாகக் காட்டும் டயலை நம்பியா அத்தனை பேரும் விமானத்திலிருந்து குதிக்கிறீர்கள்? அப்படியென்றால் அதை ஏன் கட்டிக்கொண்டு போகிறீர்கள், வளையல் கணக்கிலா?

சிலதை எழுத மறந்தாயாம். கட்டத்தாளில் இருநூறு கட்டம் போட்டு, "ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஒரு கட்டம் அடை, இருநூறு ஆனதும் கேமரா, விங்சூட் எல்லாம், அதுவரைக்கும் நான் தொடமாட்டேன், நீ பயப்படாதே" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான் பயந்து அழுததால் நீ கண்டுபிடித்த ஏற்பாடு அது. காய்ச்சல் வந்து படுத்திருந்த அன்றுகூட ஊசி குத்திய கையாலேயே 88ஐ அடைத்தேன்.

மே 11 அன்று 163 என்று எழுதினாய். மே 24 அன்று எழுதிய கடிதத்தில், "பன்னிரண்டு நாளாக ஒரே மேகம், விமானம் தரையை விட்டு எழும்பவில்லை, மடித்த பாராசூட்டையே மறுபடி பிரித்து மடிக்கிறோம்" என்று எழுதினாய். எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். படத்தின் பின்னால் மே 27 என்று உன் கையால் எழுதியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் குதித்தால் கால் நடுங்கும் என்றும் நீதான் சொன்னாய். 25, 26, 27. மூன்று நாளில் முப்பத்தேழு ஜம்ப்பா? எனக்குக் கணக்கில் எவ்வளவு மார்க் என்று உனக்கே தெரியும், என்னிடமா இந்தக் கணக்கைக் காட்டுகிறாய்?

உங்கள் பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஜம்ப்புக்கும் கூட இருந்தவர் கையெழுத்து வேண்டுமாமே. அந்த முப்பத்தேழுக்கும் கையெழுத்துப் போட்டது யார்? சிரித்துக்கொண்டு விழுகிறாளே, அவளா?

அந்தப் பதினோரு மாடிக் கட்டடம் ஞாபகம் இருக்கிறதா? லிஃப்டைச் சோதித்த கார்டில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், மேலே மெஷின் அறைச் சாவி கிடைக்கவில்லை. கட்டடச் செயலாளர், "போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு, போட்டுட்டுப் போங்க" என்றார். அப்பா முடியாது என்றார். சாவி கிடைக்கும் வரை லிஃப்டை நிறுத்தி வைத்தார். படியேறிய ஒவ்வொருவரும் திட்டிக்கொண்டே ஏறினார்கள். நீயும் நானும் கருவிப் பையோடு கீழே நின்று அத்தனையும் கேட்டோம். "பார்க்காததுக்கு என் கையெழுத்து கிடையாது" என்றார் அவர். நீ அன்றைக்கு ராத்திரி அவரை மாதிரியே பேசிக் காட்டி என்னைச் சிரிக்கவைத்தாய். அந்த மனிதரின் மகள் நீ.

எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் பன்னிரண்டு வரை தானாக எண்ணுகிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். நிஜத்தைச் சொல்.

நண்டு


ஜூன் 20

நண்டு,

சரி. நீ கேட்டாய், சொல்கிறேன். சொல்லிவிட்டு இந்தப் பேச்சை முடித்துவிடலாம்.

அந்தப் படத்துக்கு முன்னால் 163தான். முப்பத்தேழுக்கும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். மேகம் அப்படியே நின்றுவிட்டது. ஜூலை 20க்குள் இருநூறு முடியாது என்று தெரிந்துபோனது. அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம். ஒரு வருடம் என்றால் உனக்கு ஒரு வகுப்பு. எனக்கு அது முன்னூற்று அறுபத்தைந்து நாள் மற்றவர்களின் பாராசூட்டை மடிப்பது.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காதுக்குள் ஒரு கருவி கத்தும். ஐயாயிரத்து ஐந்நூறில் ஒன்று, நாலாயிரத்து ஐந்நூறில் ஒன்று, மூவாயிரத்து ஐந்நூறில் ஒன்று. மூன்றும் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லியிருப்பேன். கேட்டது. ஆனால் அவள் முகம் அப்போதுதான் வளையத்துக்குள் சரியாக வந்து உட்கார்ந்தது. இன்னும் ஒன்றே ஒன்று என்று கடித்தேன். அவள் நான் விலகட்டும் என்று காத்திருந்தாள், நான் அவள் விலகட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் வளையத்தின் ஓரத்தில் ஒரு மரம் தெரிந்தது. மரம் மரமாகத் தெரிந்தது, வெறும் பச்சைத் திட்டாக இல்லை. அவ்வளவுதான் சொல்வேன். இறங்கியதும் இரண்டு பேரும் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் அப்படி நடக்காது.

அப்பாவின் கையெழுத்தைப் பற்றி மட்டும் எனக்கு வகுப்பெடுக்காதே. முதல் முறை நான் குதித்துவிட்டு வந்த அன்று, "மேல போற எதுவா இருந்தாலும் ரெண்டு பிரேக் வேணும்" என்றார். பாராசூட்டும் இரண்டு இருக்கிறது என்றேன். "அதை யார் சோதிக்கிறா?" என்றார். வந்து பாருங்கள் என்றேன். "பார்க்க வேண்டியது இல்ல, கூடாதுன்னா கூடாது" என்றார். பார்க்காததுக்குக் கையெழுத்துப் போடாத மனிதர் அதற்கு மட்டும் எதைப் பார்த்துப் போட்டார்? லிஃப்டுக்குக் கிடைக்கும் மரியாதை எனக்குக் கிடையாதா?

இதை யாரிடமும் சொல்லாதே. அம்மாவிடம்கூட. சொன்னால் அத்தோடு நமக்குள் பேச்சில்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மன்னிப்பு எங்கேயாவது இருக்கும் என்று தேடினேன். "இனிமேல் அப்படி நடக்காது" என்பது மட்டும்தான் கிடைத்தது. அதற்கு யார் கையெழுத்து?

உங்கள் இடத்துப் பொறுப்பாளருக்கு எழுதினேன். நீ அனுப்பிய உறைகளின் மூலையில் முகவரி அச்சடித்திருக்கிறது. என் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதினால் சின்னப்பிள்ளை எழுதியது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. அப்பாவின் சோதனை அறிக்கைப் புத்தகம் மேஜையில் இருந்தது. அதில் ஒரு தாளில் எழுதி, கிழித்து, இன்று பள்ளிக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்றும் பார்த்தேன். முடியாது, வாய் சின்னது.

எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ பேசமாட்டாய் என்று தெரிந்தேதான் போட்டேன். பேசாத அக்கா ஒருத்தி எங்கேயோ இருப்பாள் அல்லவா. எனக்கு அது போதும்.

ஏமாற்றியது நீ. ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பது நான். இது எந்த ஊர் நியாயம்?

நண்டு


ஜூலை 2

உன் வேலை நன்றாக முடிந்தது. தெரிந்துகொள்.

திங்கட்கிழமை காலையில் பொறுப்பாளர் எல்லோரையும் கொட்டகையில் உட்காரவைத்தார். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். லிஃப்ட் கம்பெனி பெயர் அச்சடித்த தாள். சத்தமாகப் படித்தார்.

"சாதனம்: என் அக்கா. கண்ட குறை: முப்பத்தேழு ஜம்ப் குறைகிறது. ஒரு படத்தில் டயல் சிவப்பில், 2200 அடியில் உள்ளது. எடுக்க வேண்டிய நடவடிக்கை: குறை சரியாகும் வரை இயக்கத்தை நிறுத்தி வைக்கவும்."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். மே மாதம் விமானம் எத்தனை முறை மேலே போனது என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்தார். முப்பத்தேழு முறை அந்தப் பேனாச் சத்தத்தை நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து கேட்டேன்.

எனக்கு ஒரு மாதம் தடை. மருந்துக்கடைக்காரிக்கு இரண்டு மாதம், பொய்க் கையெழுத்துக்கு. அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கேமரா ஹெல்மெட்டைப் பூட்டிவைத்துவிட்டார். விங்சூட் இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. பொய்க் கணக்கை வைத்துக் குதித்தது எதுவும் சேராதாம், தடை முடிந்த பிறகு 164இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 200க்கு முன்னால் கேமரா இல்லை. மடிக்கும் வேலை மட்டும் மிச்சம். இப்போது நான் மடித்ததை ஒருவர் பிரித்துப் பார்க்கிறார்.

நீ என்னிடம் திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். என்னை ஒரு பழுதான லிஃப்ட் மாதிரி எழுதிக் கொடுத்தாய். என் சொந்தத் தங்கை.

உனக்கு வேண்டியது எண்ணிக்கைதானே? அதை அனுப்புகிறேன். வேறு ஒரு வார்த்தை என்னிடமிருந்து வராது.


ஜூலை 8

அக்கா,

நீ பேசாவிட்டாலும் நான் எழுதத்தான் வேண்டும். இங்கே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். இது பகலில், மேஜையில் உட்கார்ந்து எழுதும் கடிதம். காரணம் கீழே.

அப்பாவின் அறிக்கைப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் கார்பன் இருக்கிறது. மேல் தாள் கட்டடத்துக்கு, அடித்தாள் கம்பெனிக்கு. பிறந்ததிலிருந்து அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு அது ஞாபகம் வரவில்லை. நான் மேல் தாளை மட்டும் கிழித்தேன்.

மாதக் கடைசியில் கம்பெனிக்குக் கொடுக்க அடித்தாள்களை வரிசையாகப் பிரித்திருக்கிறார். அதில் நீலமாக என் கையெழுத்து. மேலதிகாரி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு படித்தாராம். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. புத்தகத்தை என் முன்னால் வைத்தார்.

"இது யார் குடுத்த ரிப்போர்ட்?"

"நான்தான்பா."

"நேர்ல பார்த்தியா?"

"படத்துல பார்த்தேன்."

"எடு."

எடுத்துக் கொடுத்தேன். லிஃப்ட் கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடி வைத்திருப்பாரே, அதைப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டாயிரத்து நூறு. நீ நூறு அடி கூட எழுதிட்ட" என்றார். அவ்வளவு கோபத்திலும் நூறு அடி.

குறைகிற முப்பத்தேழு என்னவென்று கேட்டார், சொன்னேன். அப்புறம்தான் சத்தம் போட்டார். நீ குதித்ததற்கு அல்ல. "முப்பத்தேழு பொய்க் கையெழுத்து. முப்பத்தேழு. என் வீட்டுப் பொண்ணு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா எழுந்து வந்தார். "ஸ்டூடியோ ரூமுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவளுக்கு மூக்கு மட்டும் எப்படி இப்படிக் கறுக்கும்னு அவ வீட்டுக்கு அனுப்புன போட்டோவைப் பார்த்தப்பவே நினைச்சேன்" என்றார். "நினைச்சியா? நினைச்சா சொல்ல மாட்டியா?" என்று அப்பா அவர் மேல் பாய்ந்தார். "நீங்க கேட்டீங்களா?" என்று அம்மா சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டார்.

அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. உன்மேலும் கோபம், அவர்மேலும் கோபம், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்மேலும் கோபம். நீ எழுதியதை அப்படியே சொல்லிவிட்டேன். "பார்க்காததுக்குக் கையெழுத்து கிடையாதுன்னு சொல்றீங்க. அவளைக் கூடாதுன்னு சொன்னப்போ எதைப் பார்த்துச் சொன்னீங்க? ஒரு நாள் போய்ப் பார்த்தீங்களா?"

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் போய்க் கை கழுவினார். கையில் கிரீஸ் இல்லை, ஆனாலும் ரொம்ப நேரம் கழுவினார்.

இனிமேல் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பாதே. வீட்டுக்கே அனுப்பு. ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நண்டு


ஆகஸ்ட் 5

164.


ஆகஸ்ட் 9

167.


ஆகஸ்ட் 21

174. கேமரா இல்லாமல்.


ஆகஸ்ட் 27

அக்கா,

கார்டு வந்தது. இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதிவிட்டாய், கை வலிக்கவில்லையே?

கார்டை முதலில் எடுப்பது இப்போது அப்பாதான். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே பெட்டியைத் திறக்கிறார். என்னிடம் நீட்டும்போது உன் பெயரைச் சொல்வதில்லை. "நூத்தி எழுபத்தி நாலு" என்று மட்டும் சொல்கிறார், ஏதோ வீட்டு எண் மாதிரி. நான் ஏழு கட்டம் அடைத்தேன். பின்னால் நின்று எண்ணிப் பார்த்தார். என்னை நம்பவில்லையா என்று கேட்டேன். "உங்க ரெண்டு பேரையும்தான்" என்றார்.

நீயும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இரண்டு பேரும் என் கட்டத்தாளில் பேசிக்கொள்கிறீர்கள். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா, நீ தூங்குகிறாயா என்று? நான் இப்போதும் எண்ணுகிறேன். ஆனால் பதினைந்து, பதினாறு வரை போகிறது.

நண்டு


செப்டம்பர் 16

187.
தூங்கு.


அக்டோபர் 12

நண்டு,

200. நேற்று சாயங்காலம். சாட்சிக் கையெழுத்து பொறுப்பாளருடையது, அவரே என்னோடு குதித்தார்.

பேசமாட்டேன் என்று சொன்னதை முறிக்கிறேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்தத் தாளைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், "இந்தச் சாதனம் யாருங்க?" என்று கேட்கிறார்கள். நான்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கேமரா இல்லாமல் குதித்த அந்த முப்பத்தேழு ஜம்ப்பில்தான் டயலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் வளையத்துக்குள் இருப்பது மட்டும்தான் உலகம். மருந்துக்கடைக்காரி திரும்பி வந்துவிட்டாள். "இந்த வாட்டி நான் சிரிக்கவே மாட்டேன்" என்கிறாள்.

200க்குப் பிறகு இன்று காலையில் ஹெல்மெட்டைத் திருப்பித் தந்தார்கள். 201இல் எடுத்த முதல் படம் இத்துடன். அழகாக இருக்காது. யார் முகமும் இல்லை. ஐயாயிரம் அடியில் என் மணிக்கட்டை நானே வளையத்துக்கு முன்னால் பிடித்துப் பொத்தானைக் கடித்தேன். பூதக்கண்ணாடி வேண்டாம், அப்படியே தெரியும். விங்சூட் அடுத்த ஜூலையில். அதுவரை மடிப்பேன்.

மன்னிப்பு எங்கே என்று தேடினாய் அல்லவா. இதுதான்.

அக்கா


அக்டோபர் 19

அக்கா,

படம் கலங்கலாக இருக்கிறது. விரல் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. மேகம் கோணலாக நிற்கிறது. ஐயாயிரம், தெளிவாகத் தெரிகிறது. நான் பள்ளிக்கு எடுத்துப் போய், அதே மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணவில்லை.

உன் மன்னிப்பு போதாது. ஒன்றரை வருடம் நான் சொன்ன பொய்களுக்கு ஒரு மணிக்கட்டுப் படம் எப்படிப் போதும்? நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம். ஆனால் படத்தை என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டும் முன்னால் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அஞ்சாயிரம்" என்றார். "சரியா இருக்கு." நான் கட்டத்தாளை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தேன். கடைசிக் கட்டம் ஒன்றுதான் மிச்சம். பேனாவைத் திறந்து, "இதை நீங்க அடைங்கப்பா" என்றேன்.

பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. அப்புறம் மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

"ஏன்பா?"

"படத்தைப் பார்த்துட்டு எப்படிப் போடறது?"

"அதான் பொறுப்பாளரே கையெழுத்துப் போட்டிருக்காரே."

"அது அவர் பார்த்தது."

எனக்கு வந்த கோபத்தில் கட்டத்தாளைச் சுருட்டி எறியலாம் போலிருந்தது. நீ இத்தனை மாதம் மடித்ததும் குதித்ததும் போதாதா, இன்னும் எதைத்தான் காட்ட வேண்டும் இவருக்கு என்று கத்தினேன். அவர் போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை லீவு வேணும் சார். இல்ல, உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. வெளியூர்ல ஒரு சோதனை."

அம்மாவும் டியூட்டி மாற்றிக்கொண்டார். அதிகாலை பஸ். பாராசூட் மடிப்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டுமாம், நீ அதற்குள் மடித்து வைத்துவிடாதே. இரண்டாவது பாராசூட்டை யார் மடித்தது, எந்தத் தேதியில் என்று கேட்கப்போகிறார். அந்தச் சீட்டை எடுத்து வை. கயிற்றுக் கண்ணாடியைத் துடைத்துக் கருவிப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இப்போதே வெட்கமாக இருக்கிறது. எத்தனை கேள்வி கேட்டாலும் முகத்தைச் சுளிக்காதே, நீயாகக் கூப்பிட்டதுதானே.

எனக்கு இன்னும் பயம்தான். நீ மேலே போகும்போது நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அண்ணாந்து பார்க்க அவர் இருப்பார்.

கட்டத்தாளையும் கொண்டுவருகிறோம். இருநூறாவது கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. பேனா இன்னும் அவர் சட்டைப்பையில்.

நண்டு